பி.எஸ்சி., பி.எட். படித்த காளை

கணக்கு ஆசிரியர் ரகுநாத்துக்கு இரண்டு கொம்பும் ஒரு திமிலும் இருப்பது செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஊருக்குத் தெரிந்தது.

அரசுப் பள்ளிகளின் விவரங்களை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று திறந்து வைத்திருக்கிற இணையதளம் அது. குன்றாண்டார்கோவிலுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த நடுநிலைப் பள்ளியின் பக்கத்தில், 'கணக்கு ஆசிரியர்: ரகுநாத், பி.எஸ்சி., பி.எட்.' என்ற வரிக்கு மேலே செவலை நின்றுகொண்டிருந்தது. செவலை அவர் வளர்க்கும் ஜல்லிக்கட்டுக் காளை. யாரோ அதை அப்படியே எடுத்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள்.

எப்படி நடந்தது என்பதில் ரகுநாத்துக்குச் சந்தேகமே இல்லை. முந்தின நாள்தான் பள்ளி லேப்டாப்பில் உட்கார்ந்து, அடுத்த ஜல்லிக்கட்டுக்காகச் செவலையின் படத்தை ஏற்றிப் பதிவு செய்திருந்தார். பள்ளி விவரப் பக்கமும் பக்கத்திலேயே திறந்து கிடந்தது. படம் இடம் மாறிவிட்டது.

வேறு மாதமாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார். இது சேர்க்கைக் காலம். இப்போதெல்லாம் கழிப்பறை எத்தனை, வாத்தியார் என்ன படித்திருக்கிறார் என்று போனில் அலசிவிட்டுத்தான் பிள்ளையை அனுப்புகிறார்கள். ஆறாம் வகுப்பில் ஐந்து பேராவது சேராவிட்டால், ரகுநாத்தை உபரி ஆசிரியர் என்று தொலைவில் இருக்கும் மணமேல்குடிப் பக்கம் மாற்றிவிடுவார்கள். சம்பளம் அங்கேயும் வரும். செவலைதான் வராது, இவர் கையைத் தவிர வேறு கையில் அது தவிடு தின்னாது.

"டீச்சர், என் போட்டோவ ஒடனே மாத்தணும்."

தலைமை ஆசிரியை செங்கமலம் வருகைப் பதிவேட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "ஓடிபி வந்தாத்தான் மாத்த முடியும் சார். என் போனுக்குத்தான் வரும்."

"எப்ப வரும்?"

"சிக்னல் இருந்தா வரும்."

சும்மா இருக்க முடியாமல் ரகுநாத் ஊர்க் குழுவில் எழுதினார்: 'படத்தில் இருப்பது நான் அல்ல. என் காளை.'

"எந்த வாடிவாசல்ல சார் நின்னு வெளாண்டுச்சு?" என்று ஒருவர் கேட்டார். அவரே அந்தப் படத்தை ஜல்லிக்கட்டுக் குழுக்களுக்கும் அனுப்பினார். சாயங்காலத்துக்குள் வர்ணனையாளர் குரலோடு ரீல்ஸ் வந்துவிட்டது. "மாட்டோட படிப்பு பி.எஸ்சி., பி.எட். தைரியம் இருந்தா கிட்ட வந்து கணக்குக் கேளு."

புதன்கிழமை இணையதளத்தின் கருத்துப் பெட்டியில், 'படத்தில் உள்ளவர் ஆசிரியர் அல்ல' என்று பதிவு செய்தார். அதில் எழுதுவதும் எல்லோருக்கும் தெரியும் என்பது அனுப்பிய பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. மறுநாள் துபாயிலிருந்து சேரன் கூப்பிட்டான். அவன் மகன் அஞ்சாம் வகுப்பு முடிக்கப் போகிறான்.

"சார், நம்ம ஸ்கூல்ல போலி வாத்தியார்னு போட்டிருக்காங்க. நீங்க நெசமாவே வாத்தியார்தானா?"

"ஏம்ப்பா, ஒனக்கு எட்டாப்புக் கணக்கு நடத்துனதே நாந்தானே?"

"அதான் சார் கேக்குறேன்."

வெள்ளிக்கிழமை தேய்த்த சட்டை போட்டு, சதவீதக் கணக்கை ஒரு நிமிடத்தில் நடத்தி, வீடியோ எடுத்துக் குழுவில் போட்டார். முகத்தைப் பார்த்தால் நம்புவார்கள் என்று நினைத்தார். முதல் பதில், "போட்டோவுக்கு மாடே பரவால்ல." அதற்கு நாற்பது பேர் கட்டைவிரல் காட்டியிருந்தார்கள். நாற்பதில் வைஷ்ணவியும் ஒருத்தி. வைஷ்ணவி அவருடைய மனைவி.

"ஓடிபி வந்துச்சா டீச்சர்?"

"இன்னும் இல்ல சார்."

திங்கட்கிழமை காலை பள்ளி வாசலில் பத்துப் பன்னிரண்டு பைக்கும் ஒரு லோடு ஆட்டோவும் நின்றன. போலி வாத்தியாரைக் கேள்வி கேட்க வந்துவிட்டார்கள் என்று ரகுநாத் நினைத்தார். சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். அங்கிட்டும் ஒருவர் தேடி வந்துவிட்டார். பக்கத்து ஊர் பிச்சைமுத்து; கையைப் பிடித்தபடி மகள் ஹரிணி.

"மாட்டு வாத்தியார் நீங்கதானுங்களா?"

"தப்பு என்னுதுதாங்க. போட்டோ மாறிப்போச்சு."

"தப்பு கெடக்கட்டும் சார். இவள ஆறாப்புல சேத்துக்கங்க. கீரனூர் ஸ்கூல் வேனப் பாத்தாலே அழுவுறா. மாட்டு ஸ்கூலுக்குத்தான் போவேன்னு ஒரே அடம்."

ஹரிணி இவரை மேலும் கீழும் பார்த்தாள். "மாடு எந்த கிளாஸ் எடுக்கும்?"

"கணக்கு நான்தான் எடுப்பேன்மா."

பிள்ளையின் முகம் வாடிவிட்டது. ஆனாலும் சேர்ந்துவிட்டாள்.

மதியத்துக்குள் ஆறாம் வகுப்பில் பதினோரு பேர். ஜூனில் மகன் வருவதாகச் சேரனும் துபாயிலிருந்து பேர் கொடுத்துவிட்டான். ரகுநாத்துக்குக் கண் கலங்கிவிட்டது. மணமேல்குடி போகவேண்டாம், செவலையை விட்டுப் பிரியவேண்டாம். நேராகத் தலைமை ஆசிரியை அறைக்குப் போனார்.

"டீச்சர், நான் செஞ்ச முட்டாத்தனம் நல்லதாப் போச்சு. இனிமேலாவது என் போட்டோவப் போட்டுருங்க. அந்த ஓடிபி என்னதான் ஆச்சு?"

செங்கமலம் சேர்க்கைப் பதிவேட்டை மூடிவைத்தார்.

"அது போன திங்கக்கெழம சாயங்காலமே வந்துருச்சு சார், ஒங்க போட்டோவ மூணு வருசம் வச்சுப் பாத்தேன், ஒரு புள்ள வரல, அதான் நானே எடுத்துட்டு மாட்டப் போட்டேன்."