கோர்ட்டில் சாட்சி சொன்ன மீசை

ஏமாளிகளைக் காப்பாற்றத்தான் சட்டம் இருக்கிறது என்று நம்பியவர்களில் நானும் ஒருவன். ஆனால் ஏமாளியே கூண்டில் ஏறி எதிரிக்குச் சாதகமாகச் சாட்சி சொன்னால், பாவம், சட்டம் என்ன செய்யும்?

ஜப்பான்காரன் வருவதற்குச் சில வருஷங்களுக்கு முன் நடந்தது இது. மலாயாவில் தம்பின் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் நான் சின்ன கிராணி, அதாவது ஆபீஸில் பெரிய கிராணிக்கு அடுத்த குமாஸ்தா. வயது இருபத்தொன்று. வெள்ளைக் காற்சட்டை இருந்தது, தொப்பி இருந்தது, சைக்கிள் இருந்தது, துரையே நெற்றியைச் சுருக்கும்படியான ஆங்கிலம் இருந்தது. மீசை மட்டும் இல்லை. மேலுதடு மாம்பழத் தோல் போல வழவழவென்று இருந்தது.

இதனால் என் உத்தியோகமே ஆட்டம் கண்டது. விடிகாலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடும் இடத்துக்குப் பெரட்டு என்று பெயர். அங்கே பெரிய கிராணியை எல்லாரும் ‘ஐயா’ என்பார்கள். என்னை ‘தம்பி’ என்பார்கள். ஒரு நாள் தாமதமாக வந்த அஞ்சலை என்ற பால்வெட்டுக்காரியை நான் தொண்டை நரம்பு புடைக்கத் திட்டினேன். அந்தம்மாள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “தம்பி, பசியாறுனீங்களா? மொகம் வாடிக் கெடக்கு” என்றாள். பெரட்டே சிரித்தது. (துரையின் நாய்கூட அன்று என்னைப் பரிவோடு பார்த்ததாக ஞாபகம்.)

இதற்கு நடுவில் எனக்குப் பெண் பார்த்தார்கள். புக்கிட் பெலண்டோக் என்ற ஊரில் ஒரு மளிகைக் கடையில் கணக்கப்பிள்ளையாக இருந்த சுப்பையா என்பவரின் மகள் பாக்கியம். சுப்பையா என்னைப் பற்றி விசாரித்திருக்கிறார். தரகர் வந்து அப்பாவிடம் சொன்னார்: “எல்லாம் புடிச்சிருக்காம். மாப்பிள்ளை வயசுக்கு வந்தாச்சான்னு மட்டும் கேக்கச் சொன்னாரு.”

அந்த வாரம்தான் தமிழ்ப் பத்திரிகையில் அந்த விளம்பரத்தைப் பார்த்தேன். ‘மீசையின்றி மானமிழந்து வாழ்கின்றீர்களா? சிம்மகேசரித் தைலம் தடவுங்கள். ஒரே மாதத்தில் சிங்கம் போலாவீர்கள். பலிக்காவிடில் பணம் வாபஸ். புரொபசர் கைலாசம், தலைமை நிலையம் கல்கத்தா, கிளைகள் ரங்கூன், கொழும்பு.’ அவர் எதில் புரொபசர் என்று போடவில்லை. நானும் கேட்கவில்லை. அன்றைக்கே வி.பி.பி.யில் அனுப்பும்படி எழுதிப் போட்டேன்.

வி.பி.பி. என்றால் தபாலாபீஸில் பணம் கட்டிப் பொட்டலத்தை வாங்குவது. கட்டுவதற்கு முன் பிரித்துப் பார்க்கலாமா என்று தபால்காரரிடம் கேட்டேன். “அதுக்குச் சட்டம் இல்லீங்க” என்றார். பிரித்தபின் பிடிக்காவிட்டால்? “அதுக்கும் இல்லீங்க.”

கட்டைவிரல் அளவில் ஒரு புட்டி. மூடியைத் திறந்தால், மரத்தில் காய்ந்து ஒட்டிய ரப்பர்ப் பாலான ஒட்டுப்பால் மழையில் ஊறினால் வருமே, அந்த நாற்றம். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எனக்கே குமட்டியது. இவ்வளவு நாறுகிற மருந்து பலிக்காமல் போகாது என்று நினைத்து, சொன்னதைவிட இரண்டு பங்கு பூசினேன். சில நாளில் உதடு எரிந்தது, வீங்கியது, தோல் உரிந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அங்கே மருந்து போடும் டிரெஸ்ஸர் ஞானமுத்து, என்னைவிடப் பத்து வயது மூத்தவர், வாய்த்துடுக்கு அதிகம்.

“என்னத்தைப் பூசுனீங்க கிராணியாரே?”

“ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமில்லாததுக்கா உதடு தோசை மாதிரி உப்பியிருக்கு?”

கேட்டுக்கொண்டே கால் புண்ணுக்குப் போடுகிற ஊதா மருந்தைப் பஞ்சில் தொட்டு என் மேலுதட்டில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை இழுத்துவிட்டார். கண்ணாடியைப் பார்த்தேன். மீசை வந்துவிட்டது. ஊதா நிறத்தில். சோப்புக்கும் போகவில்லை, எலுமிச்சைக்கும் போகவில்லை. மறுநாள் பெண் பார்க்கும் நாள்.

புக்கிட் பெலண்டோக்கில் சுப்பையா என்னை நெடுநேரம் பார்த்தார். பிறகு என் அப்பாவிடம் மரியாதையாகக் கேட்டார்: “மாப்பிள்ளை வர்ற வழியில நாவப்பழம் சாப்பிட்டாரா?” பாக்கியம் காப்பி கொண்டுவந்தாள். குனிந்த தலை என் முகத்துக்கு நேராக நிமிர்ந்ததும் தட்டு கடகடவென்று நடுங்கியது. காப்பியில் பாதி என் காற்சட்டையில் கொட்டியது. அவள் உள்ளே ஓடினாள். நாணத்தால் ஓடினாள் என்று ஒரு கணம் நினைத்தேன். உள்ளேயிருந்து வந்த சிரிப்பு அந்த எண்ணத்தைத் தீர்த்து வைத்தது.

“யோசிச்சுச் சொல்றோம்” என்றார் சுப்பையா.

தோட்டத்துக்குத் திரும்பியதும் ஞானமுத்துவிடம் உண்மையைச் சொல்லிப் பொட்டலத்தைக் காட்டினேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “கல்கத்தாவுலேர்ந்து வர்ற சாமான்ல நம்ம பக்கத்துச் சிரம்பான் தபால் முத்திரை எப்படி வந்துச்சு?” என்றார். நான் அதைப் பார்க்கவே இல்லை. (படித்தவன் விளம்பரத்தைத்தான் படிப்பான், முத்திரையைப் படிக்க மாட்டான்.)

இருவரும் சிரம்பானுக்குப் பஸ் ஏறினோம். விசாரித்துக்கொண்டே போனதில், கல்கத்தா, ரங்கூன், கொழும்பு மூன்றும் ஒரு முடிவெட்டும் கடைக்கு மேலே ஒரே அறையில் இருந்தன. புரொபசர் கைலாசம் பாயில் உட்கார்ந்து புட்டிகளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் மீசை என்று சொல்ல ஒரு ரோமம் கிடையாது.

“பணத்தைத் திருப்பிக் குடுங்க” என்றேன்.

“பலன் தெரிய நாளாகும். பொறுங்க தம்பி” என்றார்.

பணத்தைக்கூட விட்டிருப்பேன். அந்தத் ‘தம்பி’யை விட முடியவில்லை. நேரே போலீஸுக்குப் போனேன்.

சார்ஜெண்டு ஒரு பஞ்சாபிக்காரர், தோட்டம் தோட்டமாக அலைந்து தமிழ் பழகியவர். கண்ணுக்குக் கீழே எல்லாம் தாடியும் மீசையும்தான். என் புகாரைக் கேட்டுத் தன் மீசையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். “நமக்கு சும்மா வந்துச்சு லா” என்றார் வருத்தத்தோடு. ஆனால் நல்ல மனிதர். பொய் சொல்லி ஒருவனை நம்பவைத்துப் பணம் பிடுங்கினால் அது மோசடி, நேரில் சொன்னாலும் தபாலில் சொன்னாலும் பொய் பொய்தான் என்று விளக்கி வழக்கைப் பதிவு செய்தார்.

அதன்பிறகு என்னைக் கையில் பிடிக்க முடியவில்லை. தோட்டத்தில் யார் எதை வாங்கினாலும் நிறுத்திச் சட்டம் சொன்னேன். கருவாடு வாங்கியவரைக்கூட விடவில்லை. வழக்கு மாதக்கணக்கில் தள்ளித் தள்ளிப் போயிற்று. அந்த இடைவெளியில் இயற்கை தன் வேலையைச் செய்தது. முதலில் நிழல் போல, பிறகு புல் போல, கடைசியில் நிஜமாகவே எனக்கு மீசை வந்தது. நான் பூரித்துப் போனேன். தினமும் நல்லெண்ணெய் தடவி இரு பக்கமும் முறுக்கிவிட்டேன். அஞ்சலைகூட ஒரு தடவை ‘ஐயா’ என்றாள்.

விசாரணை நாள் காலை பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது ஞானமுத்து வழியனுப்ப வந்தார்.

“என்ன கேஸு கிராணியாரே?”

“தெரியாதா? தைலம் போட்டும் மீசை வளரலன்னு.”

அவர் என் முகத்தையே பார்த்தார். “அப்ப இது என்னா?”

பஸ் வந்துவிட்டது. வழியெல்லாம் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டே போனேன். சிரம்பானில் இறங்கியதும் கண்ணில் பட்ட முதல் முடிவெட்டும் கடையில் நுழைந்து, மீசையை எடுக்கச் சொன்னேன். சோப்பு நுரை போட்டு ஒரு பக்கம் வழித்த பிறகுதான், கடைக்குப் பக்கவாட்டில் மேலே புரொபசரின் அறைக்கு ஏறும் மாடிப்படியைக் கவனித்தேன். போன தடவை வேறு சந்து வழியாக வந்திருந்தோம். பாதி மீசையோடு எழுந்து ஓடவா முடியும்? மறு பக்கத்தையும் கொடுத்துவிட்டு வந்தேன்.

கோர்ட்டில் நான் ஆங்கிலத்தில் வெளுத்து வாங்கினேன். வெள்ளைக்கார மாஜிஸ்திரேட் கொஞ்ச நேரம் சகித்துக்கொண்டு, மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிட்டு, என்னைத் தமிழில் பேசும்படி கேட்டுக்கொண்டார். கைலாசம் வக்கீல் வைக்கவில்லை. தானே எழுந்து கேட்டார்.

“சத்தியம் பண்ணியிருக்கீங்க தம்பி. இன்னிக்குக் காலையில மொகம் சிரைச்சீங்களா?”

“ஆமா.”

“எதைச் சிரைச்சீங்க?”

நான் தண்ணீர் கேட்டேன். தண்ணீர் வருவதற்குள் கைலாசம் கையோடு கூட்டிவந்திருந்த முடிவெட்டுக்காரர் சாட்சிக் கூண்டுக்கு வந்துவிட்டார். “நம்ம கடையிலதாங்க எடுத்தாரு. நல்ல அடர்த்தி. கத்தியை ரெண்டு தரம் தீட்ட வேண்டியதாப் போச்சு” என்றார். வஞ்சகமே இல்லாமல், ஒரு தொழிலாளியின் பெருமையோடு சொன்னார்.

“அது தானா வளந்தது” என்று கத்தினேன்.

“இத்தனை வருஷம் வராதது, என் தைலம் போட்டப்புறம் தானா வந்துச்சாம்” என்றார் கைலாசம்.

மொழிபெயர்ப்பாளர் அதைச் சொல்லி முடிப்பதற்குள் மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். சொன்ன ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் தாமதமானாலும் வாக்குப்படி மீசை வந்திருப்பதால் மோசடி நிரூபணமாகவில்லை என்றார். கல்கத்தா, ரங்கூன், கொழும்பு என்று போட்டது பொய்தான், ஆனால் வாதி வாங்கியது மீசையைத்தானே தவிர விலாசத்தை அல்ல என்றார். இனி அந்த ஊர்களை விளம்பரத்தில் போடக்கூடாது என்று கைலாசத்தை எச்சரித்து அனுப்பினார்.

கைலாசம் சட்டத்துக்குக் கீழ்ப்படிந்தார். அடுத்த மாத விளம்பரத்தில் கல்கத்தா இல்லை. அதற்குப் பதிலாக நான் இருந்தேன். ‘கோர்ட்டில் நிரூபிக்கப்பட்டது. தம்பின் தோட்டத்துக் கிராணி ஸ்ரீமான் கோவிந்தன் அவர்களுக்கு மீசை வளர்ந்ததை மாஜிஸ்திரேட்டே ஒப்புக்கொண்டார்.’ பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு மறுபடி சார்ஜெண்டிடம் ஓடினேன். அவர் இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டார்.

“இதிலே பொய் எங்கே இருக்கு?” என்றார்.

எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை.

ஆனால் அந்தப் பத்திரிகை புக்கிட் பெலண்டோக்கிலும் வாங்குவார்கள். சுப்பையா அதைக் கடையில் வந்தவர்களுக்கெல்லாம் வாசித்துக் காட்டியிருக்கிறார். ஸ்ரீமான் என்று அச்சில் வந்த மாப்பிள்ளை அந்த வட்டாரத்திலேயே வேறு யாருக்கும் கிடைக்கவில்லையாம். தரகர் சம்மதத்தோடு வந்தார். தை மாதம் கல்யாணம் நடந்தது.

இன்றைக்கும் பிள்ளைகளோ, அவர்களைக் கட்டிக்கொண்டு வந்தவர்களோ, எங்கள் கல்யாணம் எப்படி நடந்தது என்று கேட்டால் நான் வாயைத் திறப்பதற்குள் பாக்கியம் முந்திக்கொள்வாள்.

“எங்கப்பா பேப்பர்ல வெளம்பரம் பாத்து வாங்கிப் போட்டாரு. வீட்டுக்கு வந்து பிரிச்சுப் பாத்தா இவரு.”