பெரும்பான்மையால் பழம்

1985 நவம்பரில் ஈப்போ நகரம் உலக நாகரிகத்தை ஒரு முழம் முன்னே தள்ளியது. உலகத்துக்கு இது இன்னும் தெரியாது. பதினான்கு தோட்டங்களை ஒரே மாடிக் கட்டடத்திலிருந்து ஆண்டுவந்த அந்த நிறுவனம், அடக்கம் கருதி வெளியே சொல்லவில்லை.

அந்த மாதம்தான் அங்கே "மின்கடித நிலைய மதிப்பீட்டுக் குழு" கூடியது. தலைவர், ஆபீஸ் குமாஸ்தாக்களுக்கெல்லாம் தலைமைக் கிராணியான கார்த்திகேசு. உறுப்பினர்கள், கணக்குப் பகுதி இராமசாமியும் ஸ்டோர் ஷரபுதீனும். செயலாளர், இருபத்திரண்டு வருடமாகக் கடிதப் பைகளை அனுப்பிவந்த அப்பாவு. செயலாளருக்கு ஓட்டு கிடையாது, தேநீர் உண்டு.

மின்கடிதம் அனுப்பும் அந்த இயந்திரத்தின் மேல் அப்பாவுக்கு உண்மையாகவே ஆசை. அது வேலை செய்யும் விதம் அப்படி. ஈப்போவில் ஒரு பெரிய பெட்டி. அதற்குள் ஆளுக்கொன்றாகக் கண்ணுக்குத் தெரியாத அறைகள். தோட்டத்து ஆபீசில் ஒரு திரையும் தட்டச்சுப் பலகையும். தொலைபேசியின் கைப்பிடியை எடுத்து இரண்டு ரப்பர் கிண்ணங்களில் கவிழ்த்துப் படுக்கவைத்தால், தட்டிய எழுத்தெல்லாம் சீழ்க்கையாக மாறிக் கம்பி வழியே ஓடும். ஈப்போப் பெட்டி அந்தச் சீழ்க்கையை மறுபடி எழுத்தாக்கி, உரியவர் அறையில் போட்டுவைக்கும். அவர் சாப்பிடப் போயிருந்தாலும் கடிதம் காத்திருக்கும். அவர் எத்தனை மணிக்கு அதைத் திறந்தார் என்றுகூடக் குறித்துக்கொள்ளும். படித்துப் புரிந்துகொண்டாரா என்பதை மட்டும் குறிக்காது. எந்த இயந்திரமும் அதிகாரிகளிடம் அவ்வளவு தூரம் போகத் துணியாது.

ஆசைக்குச் சொந்தக் காரணமும் இருந்தது. சுங்காய் ஊருக்கு உள்ளே ஏழாங்கட்டைத் தோட்டத்தில் அவருடைய அக்கா நல்லம்மாள் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுக்கிறாள். தொழிலாளர் குடியிருக்கும் லயம் ஆற்றுக்கு அந்தப் பக்கம். மரமும் மருந்தகமும் சாலையும் இந்தப் பக்கம். நடுவே ஒரு பலகைப் பாலம். அதன் கால் உளுத்துவிட்டது என்று தோட்டத்திலிருந்து மூன்று கடிதங்கள் வந்தாயிற்று. மூன்றுக்கும் அப்பாவுதான் முத்திரை குத்தினார். கடிதம் மெதுவாகப் போவதால்தான் பாலம் இன்னும் ஆடுகிறது என்று அவர் நம்பினார். வேகமாகப் போனால் வேலை நடந்துவிடாதா?

இரண்டு வாரச் சோதனை தொடங்கியது. ஒவ்வொரு தோட்டமும் ஆங்கிலம், மலாய், தமிழ் மூன்றிலும் ஒவ்வொரு செய்தி அனுப்பவேண்டும். இயந்திரத்துக்குத் தமிழெழுத்து தெரியாததால், தமிழை ஆங்கில எழுத்தில் தட்டவேண்டும். வந்ததற்குக் குழு மதிப்பெண் போடும்.

மூன்றாம் நாள், ஏழாங்கட்டைக் கிராணி பிச்சைமுத்துவின் தமிழ்ச் செய்தி திரையில் பச்சையாக ஒளிர்ந்தது.

PALAM VILAP POGIRATHU. UDANE AAL ANUPPAVUM.

ஷரபுதீனின் முகம் மலர்ந்தது. "பழம் விழப்போகுது. டுரியான் சார்! அங்க ஆத்தோரம் பதினாறு மரம் இருக்குலா."

"பிச்சைமுத்து நல்ல மனுசன்," என்றார் கார்த்திகேசு. "சோதனை எண்டாலும் எங்களை மறக்கேல்லை."

அப்பாவு எழுந்தார். "ஐயா, அது பழம் இல்ல, பாலம். கால் உளுத்துப்போன பாலம். அங்க ரெண்டு நாளா மழை."

"எப்பிடிச் சொல்லுறீர்?"

"எங்கக்கா அங்கதான் இருக்காங்க."

"அப்ப நீர் சம்பந்தப்பட்ட ஆள். உம்முடைய கருத்தை எடுக்க ஏலாது."

இராமசாமி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "எழுத்தப் பாருங்க சார். 'ஆள்' எழுத ரெண்டு ஏ போட்டிருக்கான். பாலம்னா அதுக்கும் ரெண்டு போட்டிருப்பான்ல? ஒண்ணுதான் இருக்கு."

இந்த ஆராய்ச்சி குழுவை அசைத்துவிட்டது. ஓட்டெடுப்பு நடந்தது. பழத்துக்கு இரண்டு. பாலத்துக்கு எவருமில்லை. டுரியான் உடம்புக்குச் சூடு என்பதால் இராமசாமி நடுநிலை. "பெரும்பான்மையால் பழம்" என்று அப்பாவு தம் கையாலேயே கூட்டக் குறிப்பில் எழுதினார்.

"உடனே ஆள் அனுப்பட்டா சார்?" என்றார் இராமசாமி.

"அனுப்பி?" என்றார் ஷரபுதீன். "டுரியான எவனாச்சும் ஏறிப் பறிப்பானா? அதுவா விழணும். அப்பத்தான் ருசி."

கார்த்திகேசு பதிலைச் சொல்லச் சொல்ல அப்பாவு தட்டினார். பழத்துக்காவது வேறு எழுத்துப் போடலாமே என்று கேட்டுப் பார்த்தார். "ஒரே கோப்பில் ஒரே எழுத்துக்கூட்டு," என்றார் தலைவர்.

PALAM VILATTUM. AVASARAM VENDAM. VILUNTHATHUM SOLLAVUM.

நான்கு விநாடியில் போய்ச் சேர்ந்தது. வேகத்துக்கு முழு மதிப்பெண்.

அப்பாவு தோட்டத்துக்குத் தொலைபேசியில் முயன்றார். மணி அடிக்கவில்லை. சோதனை முடியும்வரை கைப்பிடியைக் கிண்ணத்திலிருந்து எடுக்கக் கூடாது என்று சுற்றறிக்கை, எழுதியவரும் அவர்தான். இயந்திரத்தில் அனுப்பலாமென்றால், செயலாளருக்குப் பெட்டியைப் பார்க்கும் ரகசியச் சொல் மட்டும் கொடுத்திருந்தார்கள். அனுப்பும் சொல் தலைவரிடம், முந்தைய பதிலுக்கும் அதை அவரேதான் தட்டினார். லீவு கேட்டார். மதிப்பீட்டின் நடுவில் செயலாளர் நகரலாமா என்று தலைவர் வருந்தினார்.

கடைசியாக ஒரே ஆறுதல் மிஞ்சியது. உளுத்த பாலத்தைப் பற்றிச் சொன்னவனுக்கு "விழட்டும், அவசரம் வேண்டாம்" என்று பதில் வந்தால், எந்த மனிதனும் திடுக்கிட்டு, இதென்ன என்று திருப்பிக் கேட்பான். பிச்சைமுத்து கேட்பார். கேட்டே தீரவேண்டும். அப்பாவு மணிக்கொரு தரம் பெட்டியைத் திறந்து பார்த்தார். ஒரு கேள்வியும் வரவில்லை.

பதில் போன மூன்றாம் நாள் காலை ஒரு வரி வந்தது.

PALAM VILUNTHATHU.

குழு கடமையில் தவறவில்லை. நான்கு சாக்கு, ஒரு பாராங் கத்தி, ஷரபுதீன் வீட்டிலிருந்து டுரியானோடு சாப்பிட ஒரு சட்டி புளுட் ஒட்டரிசிச் சோறு எல்லாம் கம்பெனி காரில் ஏறின. பின்சீட்டில் சாக்குகளை மடியில் வைத்துக்கொண்டு, பீடோர் தாண்டும்வரை அப்பாவு மைல்கற்களை எண்ணிக்கொண்டு வந்தார்.

ஏழாங்கட்டையில் பாதிப் பாலம் கரையிலும் பாதி தண்ணீரிலும் கிடந்தது. கரைமேல் ஒரு கதவைப் போட்டு அதில் நல்லம்மாளை உட்காரவைத்திருந்தார்கள். இரண்டு பால்வாளியோடு கடக்கும்போது பாலத்தோடு போயிருக்கிறாள். பிரம்பு வைத்துக் கட்டிய வலது கால் வீங்கியிருந்தது. தெலுக் இந்தான் ஆசுபத்திரிக்குக் கொண்டுபோக லோரி வந்துகொண்டிருந்தது.

பிச்சைமுத்து சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டு ஓடிவந்தார். "விழுந்து கால் மணி நேரத்துல சொல்லிட்டேன் சார். உத்தரவுப்படி." அவர் பார்வை சாக்குகள்மேல் விழுந்தது. "மண்ணு போட்டு அடைக்கச் சாக்கும் கொண்டாந்துட்டீங்களா? பெரிய மனசுலா சார்."

"ஓம்," என்றார் கார்த்திகேசு. "அதுக்குத்தான்." ஷரபுதீன் புளுட் சட்டியின் மேல் கைக்குட்டையைப் போட்டு மூடினார்.

அப்பாவு அக்காவின் பக்கத்தில் சேற்றில் உட்கார்ந்தார்.

"அக்கா, அந்தப் பதிலப் பாத்துட்டு யாருக்குமே சந்தேகம் வரலியா? ஒரு வார்த்த திருப்பிக் கேட்டிருக்கக் கூடாதா?"

"சந்தேகமா? எதுக்குத் தம்பி?" நல்லம்மாள் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, தம்பியை அதிசயமாகப் பார்த்தாள். "கிராணி லயத்துல எல்லாரையும் கூட்டிவச்சுத்தான் வாசிச்சாரு. ஆபீசு எப்பவும் சொல்றதுதானேப்பா அது. இந்தத் தடவையாச்சும் சுத்தி வளைக்காமச் சொன்னாங்களேன்னுதான் நாங்க பேசிக்கிட்டோம்."