மௌனத்துக்கு வசனம் எழுதியவர்

தலைவர் தந்த பென் டிரைவைத் திறந்தால் இங்கிலீஷ் வசனம் இருக்க வேண்டிய இடத்தில் கட்டம் கட்டமாகத்தான் இருந்தது. முருகதாஸ் கம்ப்யூட்டரை இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தார். கட்டங்கள் அசைவதாக இல்லை. நாளை மூன்று மணிக்குப் படம்.

புதுக்கடை சந்திப்பில் டைப்பிங் கடை வைத்திருக்கும் முருகதாஸ், ஊர்த் திரைப்படக் கழகத்தின் செயலாளர். தலைவர் ததேயுஸ் சார், ஓய்வுபெற்ற பேராசிரியர். இருவரும் கீரியும் பாம்பும். இந்த முறை சண்டை 'ஒன்பதாவது மௌனம்' என்ற பல்கேரிய விஞ்ஞானப் படத்தால் வந்தது. உலக விமரிசகர்கள் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடும் படம். அதில் பூமியில் ஒருத்தி பேசுவது ராக்கெட்டில் இருப்பவனுக்குக் கேட்க ஒன்பது வருடம் ஆகுமாம்.

"இதுக்கு மேல ஒரு படம் இனி ஒருத்தன் எடுக்கப் போறதில்ல" என்றார் ததேயுஸ் சார்.

"சார் முழுசும் பாத்தியளா?"

"திருவனந்தபுரம் படவிழாவுல பாத்தேன். முன்னால இருந்தவனுக்க தலை, கீழ வாற எழுத்த மறச்சிட்டு. அதனாலதான் படத்துக்க ஆழம் பிடி கிட்டிச்சு."

"நானும் இருபது நிமிசம் பாத்தேன் சார். ராக்கெட்டுல ஒருத்தன் சும்மா இருக்கான். கெணத்துக்கரையில ஒருத்தி சும்மா நிக்கா. முதல்ல ஒரு விமரிசகன் கையத் தட்டீட்டான். மத்தவன் எல்லாம் வெக்கத்துக்குத் தட்டுகான். அவ்வளவுதான்."

பந்தயம் முடிவானது. பாதிக் கூட்டமாவது கடைசிவரை உட்கார்ந்திருந்தால் முருகதாஸ் செயலாளர் பதவியை விட வேண்டும். எழுந்து போனால் தலைவர் நாற்காலி முருகதாஸுக்கு. வசனத்தைத் தமிழில் மாற்றி டைப் செய்யக் கழகத்தில் வேறு ஆள் கிடையாது என்பதால் அந்த வேலையும் அவர் தலையிலேயே விழுந்தது.

இப்போது போய் பைல் திறக்கவில்லை என்று சொன்னால், தோற்கப் பயந்து சாக்குச் சொல்வதாகச் சார் ஊரெல்லாம் சொல்லுவார். முருகதாஸ் தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. சிதறாலில் தாய்வீட்டுக்குப் போயிருந்த மனைவி அபிதா.

"மோட்டார நிறுத்தினியளா?"

"நிறுத்தினேன்."

நிறுத்தவில்லை. பதினைந்து வருடமாக அவள் கேட்கிறாள், இவர் நிறுத்தினேன் என்கிறார், டாங்கு வழிந்துகொண்டே இருக்கிறது.

போனை வைத்ததும் முருகதாஸுக்கு மூளையில் மின்னல் அடித்தது. படத்திலும் ஒருத்தி கிணற்றங்கரையில்தானே நிற்கிறாள்? இந்தப் பேச்சையே எழுதிவிட்டால், சீ இது ஒரு படமா என்று எல்லாரும் எழுந்து போய்விடுவார்கள். அவர் உற்சாகமாகத் தட்டத் தொடங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு வாசகசாலை மாடியில் நாற்பது பேர் இருந்தார்கள். கப்பல் வேலையை விட்டுவிட்டு வந்து சவுண்ட் சர்வீஸ் நடத்தும் ஜேசுதாஸ் ஸ்பீக்கரைப் போட்டார்.

கிணற்றங்கரைப் பெண் வானத்தைப் பார்த்து ஏதோ சொன்னாள். கீழே எழுத்து வந்தது: "மோட்டார நிறுத்தினியளா?"

கூட்டம் குலுங்கிச் சிரித்தது. ராக்கெட்காரன் மூன்று நிமிடம் ஜன்னலையே பார்த்தான். வேறு நாளாக இருந்தால் பாதிப்பேர் டீ குடிக்கப் போயிருப்பார்கள். இன்று ஒருவரும் அசையவில்லை. கடைசியில் அவன் வாயைத் திறந்தான்: "நிறுத்தினேன்."

"பொய் சொல்லுகான்" என்றாள் முன்வரிசை ஜெபகுமாரி.

சிரிப்புச் சத்தம் கேட்டு, கீழே சந்தையில் மீன் வாங்க வந்தவர்கள் பையும் கையுமாக மாடியேறினார்கள். நாற்பது நூறானது. முருகதாஸ் பதறிப்போய் எழுத்தை அணைத்தார். அது இன்னும் மோசமாகப் போயிற்று.

"அவ கேக்காளே, பதிலு சொல்லும் ஓய்" என்று திரையைப் பார்த்து ஒரு குரல். "டாங்கு வழியுது பாத்துக்கிடும்" என்று இன்னொன்று. ஆளாளுக்கு வசனம் பேச ஆரம்பித்துவிட்டார்கள். வேறு வழியில்லாமல் எழுத்தை மறுபடி போட்டார்.

கடைசிக் காட்சி. அவளுக்கும் நரைத்துவிட்டது, அவனுக்கும் நரைத்துவிட்டது. அவன் நேராகப் பார்த்துப் பேசினான். இந்த இடத்தை டைப் செய்தபோது முருகதாஸுக்கே சிரிப்பு நின்றுபோயிருந்தது.

"நிறுத்தல்ல. மறந்துட்டேன். எல்லா நாளும் மறந்துட்டேன். ஆனாலும் நீ கேட்டுட்டே இரி."

ஒருவரும் எழவில்லை. ஜெபகுமாரி கண்ணைத் துடைத்தாள். மூன்றாவது வரிசையில், சிதறாலிலிருந்து நேராக வந்திருந்த அபிதா திரையைப் பார்க்காமல் இவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ததேயுஸ் சார் மைக்கைப் பிடித்தார். "பாத்தியா? ஒரு ஆளு எழும்பல்ல. இதுதான் உலகத்தரம். பதவிய விடு."

முருகதாஸ் மைக்கைப் பிடுங்கினார். "படத்துல ஒரு மண்ணும் இல்ல சார். நீங்க தந்த பைலே திறக்கல்ல. அவ்வளவு வரியும் நான் எழுதினது. அது எனக்க வீட்டு மோட்டாரு. இந்த சனம் அழுதது அபிதாவுக்காக."

அப்போது எழுந்த கைதட்டலில் கூரை ஓடு பெயராதது அதிசயம். விசில் பறந்தது. அபிதாவும் தட்டினாள். ததேயுஸ் சாரும் பெரிய மனிதர்தான். தனக்கென்று வாங்கி வைத்திருந்த மாலையை முருகதாஸ் கழுத்தில் போட்டு, நாற்காலியையும் இழுத்துக் கொடுத்தார். வீட்டிலும் வெளியிலும் தோற்றே பழகிய மனுஷன், காலை நீட்டி ராஜா மாதிரி உட்கார்ந்தார். உலக விமரிசகர்கள் அத்தனை பேரையும் ஒற்றை ஆளாக ஜெயித்தாயிற்று. இதைவிட என்ன வேண்டும்?

வயரைச் சுற்றிக்கொண்டே ஜேசுதாஸ் பக்கத்தில் வந்து குனிந்து சொன்னார்: "அண்ணே, நான் பன்னெண்டு வருசம் பல்கேரியாக்காரனுவளுக்க கப்பல்ல கெடந்தவன், அந்தப் பாஷ எனக்கு நல்லாத் தெரியும், நீங்க ஒரு வரி மாத்தாம அப்படியே எழுதீட்டிய, அந்தப் பொம்பளையும் மோட்டாரத்தான் கேட்டா."