தன்னாமுனையில் ஒரு டெய்சிப் பாத்தி

தனுஷியா டீச்சர் பள்ளிக்கூடத்தால் வந்து பின்வளவைப் பார்த்தபோது, முதல்நாள் பின்னேரம் தன் கையால் நட்ட ஆறு வெள்ளை டெய்சிக் கன்றுகளும் பாத்தியில் இல்லை. ஓரமாகப் படுத்திருந்தன. ஒவ்வொன்றின் வேரையும் சுற்றி ஈரச்சாக்கு, குழந்தையைப் போர்த்திவிட்ட மாதிரி. அவை நின்ற குழிகளில் ஆறு செம்மஞ்சள் டெய்சிகள் நிமிர்ந்து நின்றன.

தன்னாமுனையில் அந்த வீட்டுக்கு வாடகைக்கு வந்து இரண்டு கிழமைதான். கணவன் பிரதீஸ் கொழும்பில் வேலை, சனிக்கிழமைதான் வருவான். பின்வளவில் வாவிக்காற்று எந்நேரமும் உஸ்ஸென்று அடிக்கும். அதற்கு அப்பால் வேலிகூட இல்லாமல், அடுத்த தெருவைப் பார்த்த ஒரு வீட்டின் முதுகு. அதன் சன்னல்கள் அவள் பார்த்த நேரமெல்லாம் சாத்தியே கிடந்தன.

போனை எடுத்தாள். "பூக்கன்றை மாத்தி நட்டது நீங்களா?"

"நான் கொழும்பில நிக்கிறன் தனு."

"அப்ப ஆரு?"

"கள்ளனா இரிக்கும்."

"கள்ளன் வந்து ஆறு கன்று தந்திட்டுப் போவானா?"



ஏறாவூரில் பூக்கன்றுக் கடை வைத்திருக்கும் சரீப் காக்கா கன்று வாங்கிய அன்றே சொல்லியிருந்தார்: "வெள்ளை குளிருக்குத்தான் சரி டீச்சர். நம்மட வெயிலுக்குச் செம்மஞ்சள்தான் நிண்டு பிடிக்கும்." அவள் கேட்கவில்லை. வெள்ளை இதழும் நடுவில் மஞ்சளுமாக, கல்யாணமான நாளிலிருந்து மனதுக்குள் வளர்த்த பூ. விடுவாளா? செம்மஞ்சளைப் பிடுங்கி ஒதுக்கிவிட்டு வெள்ளையைத் திரும்ப நட்டாள்.

மறுநாள் செம்மஞ்சள் பழையபடி பாத்திக்குள். பாத்தியின் நாலு மூலையிலும் குங்குமம் தடவிய அரை எலுமிச்சம்பழங்கள்.

உள்ளே ஓடி விபூதிப் பையை எடுத்து வந்து நாலு மூலையிலும் கொட்டி, தேவாரம் ஒன்றைப் பாதி மறந்து பாதி பாடி, வெள்ளையை நட்டாள்.

வியாழக்கிழமை வந்து பார்த்தால் விபூதியின் மேல் கற்பூரம் எரிந்த கறுப்பு. அதன் அருகில் ஈர மண்ணில் ஒரு கால் தடம். அவள் காலைவிடச் சின்னது. செம்மஞ்சள் ஆறும் அசையாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன.

"இது பொம்புளப் பேய்தான்," என்றாள் போனில், அழாத குறையாக. "இந்த வீட்டில முந்தி இருந்தவளாக்கும். அவளுக்குச் செம்மஞ்சள்தான் வேணுமாம்."

"அப்ப அதையே விடன் தனு. பூவுக்காகப் பேயோட சண்டை பிடிக்கவா?"

விட்டாள். பாத்திக்கு முன் கைகட்டி நின்று, "உங்கட விருப்பம்போலயே இரிக்கட்டும் அக்கா," என்று சொல்லி, செம்மஞ்சளுக்குத் தண்ணீரும் ஊற்றினாள். ஒதுங்கிக் கிடந்த வெள்ளையின் ஈரச்சாக்கிலும் ஒரு கை தண்ணீர் தெளித்தாள்.

வெள்ளிக்கிழமை செம்மஞ்சள் ஆறும் ஈரச்சாக்கோடு ஓரத்தில். பாத்தி முழுக்க வெள்ளை. ஆறல்ல, பன்னிரண்டு. நடுவில் தலைவாழையிலை விரித்து, ஒரு சீப்பு வாழைப்பழம், வெற்றிலை, பாக்கு.

தனுஷியா இரண்டடி பின்னால் போனாள். மனிதர் பேய்க்குப் படைப்பதைக் கேள்விப்பட்டிருக்கிறாள். பேய் மனிதருக்குப் படைக்குமா? ஆளைத் தன் பக்கம் கூப்பிடும்போதுதான் இப்படி வைக்குமோ?

உடுப்புகளை ஒரு பைக்குள் திணித்துக்கொண்டு, வீட்டைப் பூட்டி, பஸ் பிடித்து ஏறாவூருக்கு ஓடினாள். கன்றோடு வந்த வெறும் பூச்சட்டிகளைக் காக்காவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு அப்படியே தாய்வீட்டுக்குப் போய்விடுவதென்று முடிவு.

"அந்த வீட்டில இனி இருக்க ஏலா காக்கா. வெள்ளை நட்டாச் செம்மஞ்சள் கேட்குது. செம்மஞ்சளை விட்டா வெள்ளை கேட்குது. என்னால அதுக்கு ஈடு குடுக்க ஏலா."

சரீப் காக்கா பூவாளியைக் கீழே வைத்தார். அவளை ஒருதரம் ஏற இறங்கப் பார்த்தார்.

"டீச்சர், இண்டைக்கு விடியக்காலம் நைட் டியூட்டி முடிச்ச கையோட ஒரு நேர்ஸ் மிஸ்ஸி அழுதழுது வந்து ஆறு வெள்ளை வாங்கிப் போனா. தன்னாமுனையில அவட பின்வளவில பேய் ஒண்டு வெள்ளை டெய்சிதான் வேணுமெண்டு அடம்பிடிக்குதாம், இனி அதோட மல்லுக்கட்ட ஏலா, கேட்டதக் குடுத்து வாழைப்பழமும் படைக்கப் போறன் எண்டா."