பச்சைத் தட்டில் வைத்த பாட்டில்

என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பது இன்றுவரை எனக்குச் சந்தேகம்தான். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், மன்னித்துப் படியுங்கள். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது, அதனால்தான் எழுதுகிறேன். ஒரே ஒரு தடவை கூட்டத்தில் எழுந்து நின்று பேசியிருக்கிறேன். அதுவும் கோயிலில், என் கல்யாணத்துக்கு நானே தடை சொல்லி.

அப்போது உத்தமபாளையத்தில் ஒரு டாக்டரம்மாவின் சின்ன ஆஸ்பத்திரியில் எடுபிடி வேலை பார்த்தேன். அதற்கு முன்னால் போடியில் ஏலக்காய் தரம் பிரித்தவன். அந்தத் தகுதியை நம்பி டாக்டரம்மா ஒருநாள் அலமாரித் தட்டுகளுக்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பெயிண்ட் அடிக்கச் சொன்னார்.

"சூசை, இங்கன இருக்கிற சாமான் எல்லாத்தையும் ஆபத்துப்படி பிரிச்சு வையி. ரொம்ப ஆபத்தானது சிவப்பு, ஆபத்தே இல்லாதது பச்சை."

ஏலக்காயில் பெரிய காய்தான் முதல் தரம். அதே கணக்கில் பிரித்தேன். பெட்பேன் சிவப்புத் தட்டில் கம்பீரமாக உட்கார்ந்தது. ஊசிகள் பச்சைக்குப் போயின. டாக்டரம்மா வந்து பெட்பேனைக் கீழே இறக்கினார்.

"சூசை, பெட்பேன் பட்டு இதுவரைக்கும் யாரும் செத்ததில்ல. உடம்புக்குள்ள போறது சிவப்பு, அதைக் கொதிக்க வைக்கணும். தோலைத் தொடுறது மஞ்சள், சோப்புப் போட்டுக் கழுவணும். ஆளைத் தொடாதது பச்சை, தொடச்சு வச்சாப் போதும்."

அதற்குள் லோயர் கேம்ப்பிலிருந்து பிரசவத்துக்குக் கூப்பிட ஜீப் வந்துவிட்டது. அவர் கிளம்பிப் போய்விட்டார்.

அவர் சொன்னபடி மாற்றி வைத்ததில் எஞ்சியது சர்க்கரை பார்க்கிற சாமான். நாங்கள் கொடுக்கிற பாட்டிலில் நோயாளி சிறுநீர் பிடித்துத் தருவார். அதில் எட்டுச் சொட்டை நீல மருந்தில் விட்டுக் காய்ச்சினால், நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை, செங்கல் நிறமானால் நிறைய இருக்கிறது. இது யாரையும் தொடவில்லையே? பச்சையில் வைத்தேன். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் ஒரு நோயாளியின் வீட்டிலிருந்து தூக்குவாளி நிறையத் திராட்சை ரசம் வந்தது. குடிக்க டம்ளர் இல்லை. பச்சைத் தட்டிலிருந்து இரண்டு பாட்டிலை எடுத்தேன் (புதுப் பாட்டில்தான், மாதா மேல் சத்தியம்). இரண்டு பாட்டில் ரசம் குடித்தேன். சட்டப்படி வெளியே துடைத்து, தட்டிலேயே வைத்துவிட்டேன்.

மறுநாள் காலையில் மீசைக்காரர் ஒருவர் தலைவலி என்று வந்தார். கண் முழுக்க என் மேலேயே இருந்தது. டாக்டரம்மா சர்க்கரையும் பார்க்கச் சொன்னார். முதல் பாட்டிலைக் கொடுத்தேன். காய்ச்சினால் அசல் செங்கல் நிறம்.

"அய்யா, சர்க்கரை ரொம்ப இருக்கு. இனிப்பு, பழம் தொடக்கூடாது. ஒரு மாசம் கழிச்சு வாங்க" என்றார் டாக்டரம்மா.

அவர் மீசை தொங்கிவிட்டது.

பிறகுதான் தெரிந்தது, அவர் பெயர் ஞானமுத்து. தன் மகள் பாக்கியத்துக்கு என்னை மாப்பிள்ளை பார்க்க, நோயாளி மாதிரி வந்தவர். "பையன் வாயே தொறக்க மாட்டேங்கிறான், வேணாம்" என்று நினைத்துக்கொண்டுதான் இருந்தாராம். செங்கல் நிறத்தைப் பார்த்ததும் கண்ணை மூடுவதற்குள் மகளைக் கரையேற்றிவிட வேண்டும் என்று பயம் வந்துவிட்டது. அடுத்த வாரமே நிச்சயம். தை மாதம் கல்யாணம்.

நிச்சயத்தன்று பாக்கியம் என்னைப் பார்த்து ஒரு தடவை சிரித்தாள். (என்னைப் பார்த்துப் பலரும் சிரித்திருக்கிறார்கள். அது வேறு சிரிப்பு.)

மறுநாள் அலமாரியைத் துடைக்கப் போனேன். பச்சைத் தட்டில் எறும்பு வரிசை. இரண்டாவது பாட்டிலுக்குள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அடியில் ரசம் காய்ந்து ஒட்டியிருந்தது. மாமாவுக்குச் சர்க்கரை இல்லை. சர்க்கரை பாட்டிலுக்குத்தான்.

சொன்னால் மாமாவின் அவசரம் போய்விடும், பெண்ணும் போய்விடும். வாயை மூடிக்கொண்டேன். அதில்தான் நான் கெட்டிக்காரன் ஆயிற்றே.

எங்கள் மாதா கோயிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று. முதல் ஞாயிறு மாமாவின் சட்டை தொளதொளத்திருந்தது. தினமும் வெறும் வயிற்றில் பாகற்காய்ச் சாறாம். இரண்டாம் ஞாயிறு, தன் திராட்சைப் பந்தலுக்குள் அண்ணாந்து பார்க்காமல் நடக்கிறார் என்றார்கள். மூன்றாம் ஞாயிறு பூசைக்கு முன்னால், மணியடிக்கிற கோயில்பிள்ளையிடம் அவர் மெதுவாகக் கேட்டது என் காதில் விழுந்தது.

"கல்லறைத் தோட்டத்துல வேப்பமரத்தடி எடம் சும்மாதான கெடக்கு?"

ஓலை வாசித்தார்கள். தடை உண்டா என்று கேட்டார்கள். எழுந்துவிட்டேன்.

"அடி ஆத்தா, இவனுக்கு முன்னமே ஒருத்தி இருக்கா போல" என்றது பின்னால் ஒரு குரல்.

சாமியார் கண்ணாடியைக் கழற்றினார். "ஏலே சூசை, நீதானடா மாப்பிள்ளை?"

"ஆமா சாமி. தடையும் நான்தான். மாமாவுக்குச் சர்க்கரை இல்ல. அந்தப் பாட்டில் நான் குடிச்ச பாட்டில்."

யாருக்கும் புரியவில்லை. புரிய வைக்க பெட்பேனிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. பீடத்துக்கு முன்னால் பெட்பேன் என்று சொன்ன ஒரே மாப்பிள்ளை நானாகத்தான் இருப்பேன்.

பூசை முடிந்ததும் பாதிக் கோயில் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டது. மாமா பாட்டிலைத் தானே மூன்று தடவை கழுவினார். காய்ச்சினேன். நீலம், வானம் மாதிரி நீலம்.

டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. சர்க்கரை பார்க்கிற சாமானையெல்லாம் எடுத்துச் சிவப்புத் தட்டில் வைத்தார். "நான் சொன்னதும் தப்புத்தான் சூசை. இது ஆளைத் தொடாது. ஆனா இது பொய் சொன்னா அதை நம்பி நானே ஆளைப் படுக்க வச்சிருவேன்."

மாமா என்னைப் பார்த்தார். "எத்தன நாளு பாவக்கா சாறு தெரியுமால ஒனக்கு? ஓலை மூணும் வாசிச்சாச்சு. இனிமே நிறுத்துனா ஊரு சிரிக்கும்."

"ஊரு இப்பவே சிரிச்சுக்கிட்டுத்தாம்ப்பா இருக்கு" என்றாள் பாக்கியம். அவள் குரலை அன்றுதான் முதலில் கேட்டேன். "அவுக ரசம் குடிச்சதுக்கு நீங்க பாவக்கா குடிச்சீக. கல்யாணத்தன்னிக்கு அவுக குடிக்கட்டும்."

அப்படியே நடந்தது. எல்லா மாப்பிள்ளைக்கும் பாலும் பழமும். எனக்கு ஒரு டம்ளர் பாகற்காய்ச் சாறு. ஒவ்வொரு கல்யாண நாளுக்கும் அது தொடர்கிறது. மாமா எதிரில் உட்கார்ந்து ஜிலேபி தின்றுகொண்டே கேட்பார், "மாப்ள, என்னைய எந்தத் தட்டுல வச்சிருக்கீக?"

சிவப்பு என்று சொன்னால்தான் டம்ளரைக் கீழே வைக்க விடுவார்.

இதோ, பாக்கியம் டம்ளரோடு வந்துவிட்டாள். இத்தோடு நிறுத்துகிறேன்.

தை மாதம் இருபத்திரண்டாம் தேதி.