பிரேக் பரீட்சையும் சாம்பார் தூக்கும்

சைனிக்புரி,
செவ்வாய்க்கிழமை

மரியாதைக்குரிய மைத்துனர் சந்தானம் அவர்களுக்கு அனந்தராமன் நமஸ்காரம். அங்கே நீங்களும் மன்னியும் சௌக்கியமாக இருக்க வேண்டும். இங்கே நான் சௌக்கியம், எங்கள் பெண் சாஹித்யா என்னைவிட சௌக்கியம், உங்கள் தங்கை திரிபுரசுந்தரி என்னோடு பேசி இரண்டு நாள் ஆகிறது. ஃபோனில் சொல்லலாமே என்பீர்கள். ஃபோனை எடுத்தால் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறாள். அதனால்தான் ஸ்பீட் போஸ்ட்.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் மருமாள் ரேஸ் கார் ஓட்டுகிறாள்! காலேஜ் பசங்கள் இருபது பேர் சேர்ந்து, குழாயை வளைத்து, வெல்டிங் அடித்து, ஒரே ஆள் உட்காரும் ஃபார்முலா கார் ஒன்று செய்திருக்கிறார்கள். அடுத்த மாதம் கோயம்புத்தூரில் காலேஜ்களுக்கு நடுவே போட்டி. சாஹித்யாதான் டிரைவர். உங்கள் தங்கையிடம் மட்டும், வண்டிக்குப் பெயிண்ட் அடிக்கிறாள் என்று சொல்லி வைத்திருந்தோம்.

ரேஸ் என்றால் வேகம் என்றுதானே நினைக்கிறீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லவே இல்லை, எல்லாம் பிரேக்கில் இருக்கிறது! போட்டிக்கு முன்னால் பிரேக் பரீட்சை உண்டு. வண்டியை விரட்டிக்கொண்டு வந்து ஒரே மிதி. நாலு சக்கரமும் ஒரே நேரத்தில் லாக் ஆகி, கோணாமல் நேராக நிற்க வேண்டும். ஒரு சக்கரம் உருண்டாலும் ஃபெயில். பந்தயத்துக்குள்ளேயே விட மாட்டார்கள். காலேஜ் மைதானத்தில் இதற்கு ஒத்திகை வைத்தார்கள். சாஹித்யா வந்தாள், மிதித்தாள், வண்டி மாப்பிள்ளை அழைப்புக் கார் மாதிரி அலுங்காமல் வந்து நின்றது, ஒரு சக்கரமும் லாக் ஆகவில்லை. இரண்டாவது ஒத்திகையிலும் அதே. மூன்றாவதிலும் இப்படி நின்றால் அந்த சீட்டில் ஹர்ஷாவை உட்கார வைப்பேன் என்று புரொஃபசர் மாதவ் சொல்லிவிட்டார். ஹர்ஷா மாற்று டிரைவர். அன்றைக்கே ஹெல்மெட்டைத் துடைக்க ஆரம்பித்துவிட்டானாம். குழந்தை அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தது.

குற்றம் யாருடையது? அடியேனுடையது. மாதத்தில் ஒரு ஞாயிறு மாரெட்பள்ளியில் தமிழ்க் குடும்பங்கள் கூடிச் சாப்பிடுவோம், வீட்டுக்கு ஒரு பண்டம். நம் வீட்டிலிருந்து எப்போதும் உங்கள் தங்கையின் சாம்பார், பெரிய எவர்சில்வர் தூக்கில், பின் சீட்டில். சாஹித்யாவுக்கு நான் கார் கற்றுக்கொடுத்ததே அந்த ரோட்டில்தான். ஒரு சொட்டு சிந்தக்கூடாது, பிரேக்கைப் பூ மாதிரி தொடு, பூ மாதிரி தொடு என்று மூன்று வருஷம் சொல்லிச் சொல்லி அந்தக் காலைக் கெடுத்து வைத்தது நான்தான்.

கெடுத்தவனே சரி செய்ய வேண்டாமா? போன ஞாயிறு சாப்பாட்டுக்குப் போகிற வழியில், காலனி மைதானத்துக்குத் திருப்பச் சொன்னேன். உங்கள் தங்கை, பக்கத்து வீட்டு பத்மஜா மாமியோடு முன்னாடியே போய்விட்டிருந்தாள். நம் பழைய காரில் ஏபிஎஸ் கிடையாது, சக்கரம் தாராளமாக லாக் ஆகும். "மிதி" என்றேன். பூ. "இன்னும் நன்னா" என்றேன். பூ. "மிதிடீ! கொன்னுடு அதை!" என்று நான் கத்தின கத்தலில், வாக்கிங் வந்த ரிடையர்ட் கர்னல் ஒருவர் யாரோ என்னைக் கடத்துகிறார்கள் என்று ஓடி வந்தார். விஷயம் தெரிந்ததும் அவரே மைதானத்து ஓரத்தில் விறைப்பாக நின்று, "ஆஹிஸ்தா நக்கோ பேட்டி, ஜோர் சே!" என்று, மெதுவாக வேண்டாம், பலமாக மிதி என்று இந்த ஊர் ஹிந்தியில் ஆர்டர் கொடுக்க ஆரம்பித்துவிட்டார். ஏழாவது தடவை மிதித்தாள் பாருங்கள்! டயர் கிறீச்சிட்டது, நாலும் லாக், கார் நேர்கோட்டில் நின்றது. நான் "சபாஷ்!" என்று வாயைத் திறந்தேன், வாய்க்குள் முருங்கைக்காய். பின் சீட்டில் தூக்கு இருந்ததை இரண்டு பேருமே மறந்துபோயிருந்தோம்.

முப்பது பேர் சாதத்தோடு சாம்பாருக்குக் காத்திருந்த இடத்தில், நான் சாம்பாராகவே போய் இறங்கினேன். பிரேக் ஒத்திகை என்று நான் உளறினதில் குட்டு வெளிப்பட்டது. "ஏன்னா, பெயிண்ட் அடிக்கறவளுக்கு பிரேக் எதுக்கு?" என்று உங்கள் தங்கை ஒரே கேள்விதான் கேட்டாள். பெற்றோர் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டிய சம்மதப் படிவத்தை (என் கையெழுத்து ஏற்கெனவே போட்டாயிற்று) சாஹித்யாவிடமிருந்து வாங்கித் தன் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டாள். "எங்க அண்ணா சொன்னாக்கூட போடமாட்டேன்" என்றாள். அண்ணா சொன்னால் போடுவாள் என்று எனக்கு முப்பது வருஷ அனுபவத்தில் தெரியும். அடுத்த திங்கட்கிழமைக்குள் படிவம் காலேஜுக்குப் போகாவிட்டால் ஹர்ஷாதான் டிரைவர்.

ஆனால் நேற்று நடந்த மூன்றாவது ஒத்திகையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! விரட்டிக்கொண்டு வந்தாள், ஒரே மிதி, நாலு சக்கரமும் லாக், டயரில் புகை, நூல் பிடித்த மாதிரி நேர்! எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என்ன செய்கிறேன் என்றே தெரியாமல் டயர் அடுக்கின வேலியைத் தாண்டி டிராக்குக்குள் ஓடிவிட்டேன். சிவப்புக் கொடியை ஆட்டுகிறார்கள், விசில் ஊதுகிறார்கள், நான் ஓடுகிறேன். அவள் என்ன செய்தாள் தெரியுமா? பதறாமல் என்ஜினை அணைத்து, இரண்டு கையையும் ஸ்டியரிங் மேல் வைத்துக்கொண்டு, "அப்பா, ப்ளீஸ், ஜரகண்டி" என்றாள். அவசரத்துக்கு அவளுக்குத் தமிழ் வராது, 'நகருங்கள்' என்பதும் இந்த ஊர்த் தெலுங்கில்தான் வரும். திருப்பதியில் தவிர வேறெங்கும் என்னிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. புரொஃபசர் ரிப்போர்ட்டில் எழுதினார்: டிரைவர் நடத்தை, மிக நன்று. டிரைவரின் தகப்பனார் நடத்தை, எச்சரிக்கை.

ஆகவே தாங்கள் தயவுசெய்து தங்கைக்கு ஒரு ஃபோன் போட்டு, கையெழுத்துப் போடச் சொல்ல வேண்டும். இத்தனை நிதானமான டிரைவரை இந்த ஊர் ரோட்டில் நான் கண்டதில்லை. அந்த சீட்டில் ஹர்ஷா உட்கார்ந்தால் எனக்குத் தாங்காது. நான் எழுதினேன் என்று மட்டும் மூச்சு விட வேண்டாம்.

மன்னிக்கு நமஸ்காரம், குழந்தைகளுக்கு ஆசீர்வாதம். உங்கள் ஸ்கூட்டரின் பிரேக்கையும் ஒரு தரம் பார்த்துவிடுங்கள்.

தங்கள் அன்புள்ள,
அனந்தராமன்

பி.கு.: கவரை ஒட்டப் பசை தேடிப்போன நேரத்தில் உங்கள் தங்கை இதை முழுக்கப் படித்துவிட்டாள். படிவம் நேற்றே காலேஜுக்குப் போய்விட்டதாம்! கையெழுத்தில்லாமல் திருப்பிக் கொடுத்துவிட்டு வரலாம் என்று ஆட்டோ பிடித்து வந்தவள், வேலிக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். பெண் பிரேக் போட்ட அழகைப் பார்த்து அங்கேயே கையெழுத்துப் போட்டுவிட்டாள். சாஹித்யாவுக்கும் தெரியுமாம், எனக்குத்தான் சொல்லவில்லை. கஷ்டம் என்னவென்றால் நான் ஓடினதையும் பார்த்துவிட்டாள். கோயம்புத்தூருக்குப் பெண்ணோடு அவளே போகிறாளாம், நான் வீட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். ஆகவே மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டு, ஃபோனில் எனக்காகப் பேசுங்கள். என்னைத் தூணில் கட்டி வைத்தாலும் சரி, அங்கே இருந்தால் போதும்.

அண்ணா, நமஸ்காரம். இவருக்காகப் பேசறதுக்கு ஃபோன் பண்ணாதே. தூக்கு இன்னும் நசுங்கித்தான் கிடக்கு. — சுந்தரி