தங்கைக்கு நான் தேர்ந்தெடுத்த புத்தகங்கள்

முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். என் தங்கை சுகன்யா ஒரு பரீட்சையில் தோற்றதற்கு அவள் காரணமில்லை. நான்தான்.

சி.ஏ. இன்டர் பரீட்சையை இருவரும் சேர்ந்தே எழுதுவதாக இருந்தோம். நான் மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தேன். ஜிஎஸ்டி அமலுக்கு வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. சுகன்யா வீட்டிலிருந்து படித்தாள். தெரிந்த ஆடிட்டர் ஒருவர் அவளிடம், "பாஸ் பண்ணிட்டு வாங்க, ட்ரெய்னிங்குக்கு உங்களுக்கு ஒரு எடம் வெச்சிருக்கேன்" என்று சொல்லியிருந்தார். அந்த இடத்துக்காகத்தான் அவள் அப்படிப் படித்தாள்.

பரீட்சைக்குப் பதிவு செய்தவர்களுக்கு அதை நடத்துகிறவர்களே அனுப்பும் பாடப்புத்தகங்கள் தபாலில் வந்திருந்தன. எனக்கு அவற்றின்மேல் மரியாதையே வரவில்லை. (எல்லாருக்கும் குடுக்கறதுல என்னங்க விசேஷம் இருக்கப் போகுது?) பிரிக்காத கட்டை அப்படியே மேசை விசிறிக்கு அடியில் உயரத்துக்கு வைத்துவிட்டு, காங்கேயத்துக்கு வண்டியை விட்டேன். அங்கே இருக்கிற என் பெரியப்பா மகன் முதல் தடவையிலேயே பாஸ் செய்தவர். அவர் படித்த புத்தகங்களைக் கேட்டேன்.

"தம்பி, இதெல்லாம் எங்க காலத்து புக்குடா. சிலபஸ் மாறிப்போச்சு. புதுசு வாங்கிக்குங்க" என்றார் அவர்.

தொழில் ரகசியத்தை மறைக்கிறார் என்று நினைத்தேன். ஒன்றுவிடாமல் தேங்காய்ச் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டு வந்தேன்.

சுகன்யா இரண்டு நாள் புரட்டிப் பார்த்தாள். "ஏண்ணா, நீ ஆபீஸ்ல தெனமும் ஜிஎஸ்டிதான போடறே? இதுல அதப் பத்தி ஒரு வரிகூட இல்லியே?"

"பரீட்சை வேற, பொழப்பு வேற கண்ணு" என்றேன். (அந்தக் குரலை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.)

அவள் தபால் கட்டைப் பிரிக்கப் போனாள். "ரெண்டையும் படிச்சா ரெண்டும் மண்டையில நிக்காது" என்று தடுத்தேன். அண்ணன் சொல்கிறான் என்று விட்டுவிட்டாள். ஜிஎஸ்டி வந்ததும் நாடே கைகழுவிவிட்ட கலால் வரியை இரண்டு பேரும் வரி பிசகாமல் மனப்பாடம் செய்தோம்.

வரிப் பாடத்துப் பரீட்சையன்று கேள்வித்தாளைப் பார்த்தேன். கிட்டத்தட்ட பாதி ஜிஎஸ்டி. கலால் வரியைக் காணோம். பின்பக்கம் திருப்பினேன். (அங்கே ஒளித்து வைத்திருப்பார்கள் என்று நினைத்தேனோ என்னவோ!) அடுத்த வரிசையிலிருந்து சுகன்யா என்னை ஒரே ஒரு தடவை பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு எழுதத் தொடங்கினாள்.

ரிசல்ட் வந்தது. நான் பாஸ். தினமும் ஆபீஸில் செய்கிற வேலை கையோடு வந்து என்னைக் கரையேற்றிவிட்டது. நான் கொடுத்த புத்தகங்களைத் தவிர வேறு எதுவும் கையில் இல்லாத சுகன்யா, அந்த ஒரு பேப்பரில் தோற்றுப்போனாள்.

அம்மா என் வாயில் லட்டைத் திணித்த நேரத்தில்தான் சுகன்யா ஆடிட்டருக்குப் போன் செய்தாள். "இல்லீங்க சார்... வரி பேப்பர் போயிருச்சுங்க... ஆமாங்க... வேற ஆளப் போட்டுக்குங்க சார், பரவால்லீங்க." லட்டை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. ஒரு ஓரமாக அடக்கிக்கொண்டு நின்றேன். போனை வைத்துவிட்டு அவள் நேராகப் போய் விசிறியை இறக்கினாள். கட்டைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அடுத்த தடவை அவள் பாஸ். வேறோர் அலுவலகத்தில் பயிற்சியை முடித்து இன்றைக்கு ஆடிட்டராகிவிட்டாள். நானோ இறுதிப் பரீட்சைக்கு இன்னும் படித்துக்கொண்டே இருக்கிறேன்.

எங்கள் வீட்டில் நான் எதை வாங்கி வந்தாலும், அது மாத்திரையோ பால் பாக்கெட்டோ, "தேதி பாத்தியா சாமி?" என்று கேட்காமல் அம்மா கையில் வாங்குவதில்லை. போன தை மாதம் தினசரிக் காலண்டர் ஒன்று கொண்டுவந்தேன். "இது இந்த வருசத்துதுதானுங்க?" என்றாள் என் மனைவி. வீடே சிரித்தது.

சுகன்யா மட்டும் சிரிக்கவில்லை. "உடுங்க அண்ணி, அண்ணன் பாவம்" என்றாள்.

அதைத்தான் என்னால் தாங்க முடிவதில்லை.